தண்ணீரைச் சமைக்கும் ஊர்!

ஆறு கிடையாது. நல்ல தண்ணீர்க் குளம் கிடையாது. கிணறு வெட்டினால் உப்புக் கரிக்கும். வருஷம் முழுவதும் பெய்கிற மழையைச் சேர்த்து அளந்தாலும் 15 சென்டிமீட்டர் தேறினால் பெரிய விஷயம். நம் சென்னையில் பெய்வதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு! இப்படிப்பட்ட இடத்தில் யாராவது குடித்தனம் பண்ண வருவார்களா? வந்திருக்கிறார்கள், சகோதரிகளே. ஒருவர் இருவரல்ல, சுமார் இரண்டு லட்சம் பேர் வீடு வாசல், பிள்ளை குட்டி என்று வாழ்கிறார்கள். அந்த ஊருக்குப் பெயர் அக்தாவ். மத்திய ஆசியாவில் கஜகஸ்தான் நாட்டின் மேற்குக் கோடியில், காஸ்பியன் கடலோரம் இருக்கிறது. கஜக் பாஷையில் 'அக்' என்றால் வெள்ளை, 'தாவ்' என்றால் மலை. வெள்ளை மலை! சுண்ணாம்புப் பாறைகள் கடலோரம் பளீரென்று நிற்பதைப் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் புரியும்.

இந்தப் பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 2024 டிசம்பர் 25-ம் தேதி அஜர்பைஜான் விமானம் ஒன்று இந்த ஊருக்குப் பக்கத்தில்தான் விழுந்தது. அதில் இருந்த 67 பேரில் 38 பேர் மாண்டு, 29 பேர் பிழைத்தார்கள். செய்தி கேட்டதும் ஊர் ஜனங்கள் ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்களாம். துக்கச் செய்தியில் அடிபட்ட பெயர்தான். ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டிய ஊர்.

என் தங்கையின் கணவருக்கு அங்கே எண்ணெய் சம்பந்தமான ஒரு கம்பெனியில் வேலை. தங்கையும் மூன்று வயசுப் பையனும் கூடவே போய்விட்டார்கள். எங்கள் அம்மாவுக்கோ ஒரே கவலை. "பாலைவனமாம், உப்புத் தண்ணியாம், அணு உலை வேற இருந்துதாம். பச்சைக் குழந்தையை வெச்சுக்கிட்டு அங்கே எப்படி இருக்கா? நீயாவது போய்ப் பார்த்துட்டு வாடி" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்படித்தான் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு செப்டம்பர் மாதம் கிளம்பினோம். டில்லியிலிருந்து அல்மாட்டி. அங்கிருந்து இன்னொரு விமானத்தில் மேற்கே மூன்று மணி நேரம். கீழே பார்த்தால் பழுப்பு, பழுப்பு, ஒரே பழுப்பு. கடைசியில் திடீரென்று நீலம். அதுதான் காஸ்பியன்.

தெருப் பெயரே கிடையாது!

உலகத்திலேயே பெரிய, நாலு பக்கமும் நிலம் சூழ்ந்த நீர்நிலை இந்தக் காஸ்பியன்தான். ருஷ்யா, அஜர்பைஜான், ஈரான், துர்க்மெனிஸ்தான், கஜகஸ்தான் என்று ஐந்து நாடுகள் இதைச் சுற்றி உட்கார்ந்திருக்கின்றன. பெயர்தான் கடல், உப்பென்னவோ சமுத்திரத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் என்ன, ஒரு வாய் குடிக்க முடியாது. ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்ட மாதிரி இருக்கிறது.

ஊருக்குள் நுழைந்ததும் என்னை அசத்தியது முகவரி. பழைய ஊரில் தெருப் பெயர் என்று வழக்கத்தில் எதுவும் கிடையாது. மூன்று எண்கள்தான். முதல் எண் வட்டாரம், இரண்டாவது கட்டடம், மூன்றாவது வீடு. அவ்வளவே! டாக்ஸிக்காரரிடம் என் தங்கை கடகடவென்று எண்களைச் சொல்ல, அவர் தலையாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். ஒவ்வொரு வட்டாரத்தையும் 'மைக்ரோரயோன்' என்கிறார்கள். அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவில் குழந்தைகள் பள்ளி, கடை, விளையாடும் இடம் எல்லாம் வருகிற மாதிரி போட்டிருக்கிறார்கள். பெரிய சாலையைத் தாண்டாமலே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்வரலாம். ஒன்றுமில்லாத பொட்டலில் இப்படி ஒழுங்காக ஓர் ஊரை எழுப்பியதற்காக 1975-ல் கட்டடக் கலைஞர்களின் சர்வதேச சங்கம் பரிசு கொடுத்திருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. கலங்கரை விளக்கம் தனியாக நிற்கவில்லை. குடியிருப்புக் கட்டடம் ஒன்றின் மொட்டை மாடியிலேயே உட்கார்ந்திருக்கிறது! கீழே சமையல், துணி உலர்த்தல், மேலே கப்பலுக்கு வழிகாட்டல்.

மீன் முள்ளில் யுரேனியம்

இவ்வளவு வறண்ட இடத்தில் எதற்காக ஊர்? இதைக் கேட்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

காரணம், பூமிக்குள் இருந்த புதையல். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் இந்தப் பகுதி முழுக்கக் கடலாக இருந்ததாம். அப்போது செத்து அடியில் படிந்த மீன்களின் எலும்பு, முள் எல்லாம் மண்ணோடு கெட்டியாகி, அதில் யுரேனியம் சேர்ந்துவிட்டது. நாம் மீன் முள்ளைக் குப்பையில் போடுகிறோம். அங்கேயோ அதைத் தோண்டி எடுத்து அணுசக்திக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள்! 1950-களில் இதைக் கண்டுபிடித்த சோவியத் அரசாங்கம், சுரங்கம், தொழிற்சாலை, தொழிலாளர் குடியிருப்பு என்று ஆரம்பித்தது. 1961-ல் அக்தாவ் என்ற பெயரில் குடியிருப்பு, 1963-ல் நகரம். அந்தக் காலத்தில் வெளிநாட்டார் யாரும் உள்ளே காலடி வைக்க முடியாது. ரகசிய ஊர்!

1964-ல் ஊரின் பெயரை 'ஷெவ்செங்கோ' என்று மாற்றினார்கள். தராஸ் ஷெவ்செங்கோ உக்ரைன் நாட்டின் மகாகவி, ஓவியர். அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர். சக்கரவர்த்தி ஆட்சியை எதிர்த்துப் பாடியதற்காக 1847-ல் நாடு கடத்தப்பட்டார். எழுதக் கூடாது, படம் வரையக் கூடாது என்று கூடுதல் தண்டனை வேறு. கவிஞனுக்கு இதைவிடக் கொடுமை உண்டா? 1850 முதல் 1857 வரை இந்தக் கடலோரத்துக் கோட்டை ஒன்றில் சிப்பாயாக வெயிலில் வாடினார். அக்தாவுக்கு வடக்கே சுமார் 130 கிலோமீட்டரில் இருக்கிறது அந்த இடம். அங்கே அவர் ஒரு வில்லோ மரக் கிளையை நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்ததை இன்றும் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறார்கள். 1991-ல் சோவியத் நாடு உடைந்தபோது ஊருக்குப் பழைய பெயரே திரும்பி வந்தது.

ஊர் புதுசு. ஆனால் வியாபார வழி பழசு. கடலுக்கும் உள்நாட்டுக்கும் நடுவே ஒட்டகச் சாரிகள் எத்தனையோ நூற்றாண்டுகள் இந்த மங்கிஸ்தாவ் பகுதி வழியாகப் போய்வந்திருக்கின்றன. 1558-ல் ஆந்தனி ஜென்கின்ஸன் என்ற ஆங்கில வியாபாரி கடலைக் கடந்து இந்தக் கரையில் இறங்கி, 1,000 ஒட்டகங்கள் கொண்ட சாரியோடு புகாரா நகரத்துக்குப் போயிருக்கிறார். அப்போதும் இங்கே கஷ்டம் தண்ணீருக்குத்தான்.

இட்லிப் பானை மாதிரி ஓர் ஆலை

சரி, தண்ணீருக்கு என்ன செய்தார்கள்? கடலையே சமைத்தார்கள்!

இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது உள் பக்கம் முத்து முத்தாக நீர் நிற்கிறதே, அது சுத்தமான தண்ணீர். பானைக்குள் உப்புத் தண்ணீரை ஊற்றியிருந்தாலும் மூடியில் நிற்பது உப்பில்லாத நீர்தான். இதே சங்கதிதான் அந்த ஆலையிலும். கடல் நீரைக் காய்ச்சி ஆவியாக்கி, ஆவியைக் குளிர வைத்து நீராகப் பிடிக்கிறார்கள். முதல் பாத்திரத்து ஆவியின் சூட்டை வீணாக்காமல் அடுத்த பாத்திரத்தைக் காய்ச்சவும், அதன் ஆவியால் அதற்கடுத்ததைக் காய்ச்சவும் வரிசையாக வைத்திருக்கிறார்கள். சிக்கனம் தெரிந்த இல்லத்தரசி செய்கிற வேலை!

ஆனால் ஊருக்கே காய்ச்ச அடுப்பு வேண்டாமா? அதற்காகத்தான் பி.என்.350 என்ற அணு உலையைக் கட்டினார்கள். 1973-ல் அது மின்சாரம் கொடுக்க ஆரம்பித்தது. 'வேக ஈனுலை' என்கிற வகையில் தொழில் அளவுக்கு முதலில் வந்தவற்றில் இதுவும் ஒன்று. சூட்டைக் கடத்தத் தண்ணீருக்குப் பதில் உருகிய சோடியம் என்ற உலோகம். சோடியத்தில் தண்ணீர் பட்டால் பற்றிக்கொள்ளும். அதே 1973-ல் நீராவிக் கலங்களில் கசிவு ஏற்பட்டுப் பெரிய தொல்லை கொடுத்து, பிறகு சரிசெய்திருக்கிறார்கள். 150 மெகாவாட் மின்சாரம், அதோடு நாள் ஒன்றுக்கு 12 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் என்று கணக்குப் போட்டுக் கட்டியது. சென்னைக்குக் கடல் நீரைக் குடிநீராக்கிக் கொடுக்க 2010-ல் வந்த மீஞ்சூர் ஆலையின் அளவே நாளுக்கு 10 கோடி லிட்டர்தான். அரை நூற்றாண்டுக்கு முன்பே இவர்கள் அதற்கு மேல் திட்டம் போட்டிருக்கிறார்கள்!

"அணு உலைத் தண்ணியையா குடிச்சாங்க?" என்று நான் வாயைப் பிளந்தேன். எங்கள் வீட்டு மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "இல்லீங்க அண்ணி. உலைக்குள்ளே ஓடுற சோடியம் வேற, அதுகிட்டேருந்து சூட்டை வாங்கிக்கிற சோடியம் வேற. அந்த ரெண்டாவது சோடியம்தான் குழாய்க்கு வெளியேயிருந்து தண்ணியைக் காய்ச்சி ஆவியாக்கும். அந்த ஆவி கடல் தண்ணியைச் சூடுபண்ணும். எதுவும் எதோடவும் கலக்காது" என்று விளக்கினார்.

நம் கல்பாக்கத்தையும் நினைத்துக்கொண்டேன். அங்கேயும் இதே சோடியம் வகைச் சோதனை உலை 1985 முதல் இருக்கிறது. அங்குள்ள மின் நிலையத்தோடு சேர்த்துக் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையும் வைத்திருக்கிறார்கள். அக்தாவின் யோசனை நமக்கு அவ்வளவு தூரத்து யோசனை இல்லை.

'சு' இல்லாமல் சுகமில்லை

பக்கத்து வீட்டில் எழுபது வயசு தாண்டிய ஒரு கஜக் பாட்டி. வயசான பெண்மணியை அங்கே மரியாதையாக 'அபா' என்று கூப்பிடுகிறார்கள். என் தங்கை பையன் முதலில் 'அப்பா' என்று கூப்பிட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தானாம்! பாட்டிக்கு ருஷ்ய மொழியும் தெரியும். கடைத்தெருவில் கற்றுக்கொண்ட ருஷ்ய மொழியில் என் தங்கை கேட்க, அவர் சொல்ல, அவள் எனக்குத் தமிழில் சொல்ல, இப்படியாக எங்கள் சிநேகம் வளர்ந்தது.

அவருடைய சின்ன வயசில் கிராமத்துக் கிணறு பாதாளம்போல ஆழமாம். கயிற்றை ஒட்டகத்தில் கட்டி, அதை நடக்க விட்டுத்தான் தோல் பையில் நீரை மேலே இழுப்பார்களாம். "இங்கே கல்யாணமாகி வந்து குழாயைத் திருகினப்போ, ஒட்டகம் எங்கேன்னு தேடினேன்" என்று சொல்லிக் குலுங்கிச் சிரித்தார்.

காய்ச்சி வடித்த நீருக்கு ருசியே கிடையாது. உடம்புக்கு வேண்டிய தாது உப்புகளும் இருக்காது. அதனால் குயுலுஸ் என்ற இடத்தில் பூமியிலிருந்து எடுக்கிற லேசான உப்பு நீரை அளவோடு கலந்து குடிநீராக்குகிறார்கள். பாயசத்தில் ஒரு சிட்டிகை உப்புப் போடுகிறோமே, அது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். குடிக்கிற தண்ணீர் ஒரு குழாயில், மற்ற உபயோகத்துக்கு வேறு குழாயில் என்று பிரித்துக் கொடுத்த பழக்கமும் ஆரம்பத்திலிருந்தே உண்டு. குடிநீரில் கழிப்பறை கழுவுவதா? பாட்டிக்கு அதைக் கேட்டாலே கோபம் வருகிறது.

கஜக் பாஷையில் தண்ணீருக்கு 'சு' என்று பெயர். 'சு' இல்லாமல் சுகமில்லை என்று நான் தமிழில் சிலேடை சொல்ல, தங்கை அதை மொழிபெயர்க்கத் திண்டாடினாள்!

பாட்டி வீட்டு டீயைச் சொல்லாமல் இருக்க முடியாது. நம்மைப் போலவே பால் விட்ட டீதான். ஆனால் கிண்ணத்தில் கால் வாசிதான் ஊற்றுகிறார்கள். 'இதென்ன கஞ்சத்தனம்' என்று நினைத்துவிடாதீர்கள். நிறைய ஊற்றிவிட்டால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தமாம். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால், ஆறாமல் சுடச்சுடக் கிடைக்கும், விருந்தாளியும் நெடுநேரம் இருப்பார். கூடவே 'பௌர்சாக்' என்ற, எண்ணெயில் உப்பப் பொரித்த மாவு உருண்டை. நாங்கள் சைவம் என்று தெரிந்ததும் தயிரை வடித்து, உப்புச் சேர்த்து, உருட்டிக் காயவைத்த 'குர்த்' கொடுத்தார். நம் வடகத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரி! ஒட்டகப் பாலைப் புளிக்கவைத்த 'சுபாத்' கடைகளில் கிடைக்கிறது. ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். புளித்த மோரைவிடக் கெட்டி. என் வீட்டுக்காரர் இரண்டு தம்ளர் குடித்தார்!

உறைகிற எண்ணெய், ஓடுகிற காசு

யுரேனியத்துக்காக ஆரம்பித்த ஊருக்கு இன்று சோறு போடுவது எண்ணெயும் துறைமுகமும். 1961-ல் இதே பகுதியில் உசென், ஜெதிபாய் என்ற எண்ணெய் வயல்களைக் கண்டுபிடித்தார்கள். இந்த எண்ணெயில் மெழுகு ஏராளம். சூடு ஏறக்குறைய 30 டிகிரிக்குக் கீழே போனாலே உறைந்துவிடும். மார்கழி மாசத் தேங்காய் எண்ணெய் பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள்! அதனால் குழாயில் வழி நெடுகச் சூடுபண்ணிக்கொண்டே அனுப்ப வேண்டியிருக்கிறது.

1963-ல் ஆரம்பித்த துறைமுகத்தை ஒரு மாலை தூரத்திலிருந்து பார்த்தோம். காஸ்பியனின் வடபகுதி குளிர்காலத்தில் உறைந்துவிடும். அக்தாவ் பக்கம் பெரும்பாலும் உறைவதில்லை. அதனால்தான் கடல் வாணிபத்துக்கு நெடுங்காலம் இந்த ஊரையே நம்பியிருந்தார்கள். பிற்பாடு தெற்கே குரிக் என்ற இடத்தில் ரயில் பெட்டிகளையே ஏற்றிச் செல்லும் கப்பல்களுக்காக இன்னொரு துறை வந்தது. இங்கேயிருந்து எண்ணெய் கப்பலில் ஏறி எதிர்க்கரை பாக்கூவுக்குப் போகிறது. கோதுமையும் பார்லியும் உலோகமும் ஈரானுக்குப் போகின்றன. 2022-ல் உக்ரைன் யுத்தம் வந்த பிறகு ருஷ்யாவைத் தொடாமல் சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்புகிற 'நடு வழி'யில் அக்தாவ் முக்கியமான படிக்கட்டாகிவிட்டது. ஒட்டகச் சாரி போன வழியில் இப்போது இரும்புப் பெட்டிகள் போகின்றன!

காசு ஓடுகிற இடத்தில் கண்ணீரும் உண்டு. அக்தாவிலிருந்து சுமார் 150 கிலோமீட்டரில் ஜனாவ்சென் என்ற எண்ணெய்த் தொழிலாளர் ஊர். 2011-ல் சம்பளத்துக்காக மாதக்கணக்கில் வேலை நிறுத்தம் செய்தார்கள். டிசம்பர் 16-ம் தேதி போலீஸ் சுட்டதில் குறைந்தது 14 பேர் இறந்தார்கள். பிறகு 2022 ஜனவரி 2-ம் தேதி, வண்டிகளுக்கு ஊற்றுகிற கேஸ் விலை லிட்டர் 60 தெங்கேயிலிருந்து 120 ஆகிவிட்டது என்று அதே ஊரில் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தக் கோபம் நாடு முழுவதும் பரவி, 200 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். எண்ணெயும் கேஸும் தன் காலடியிலிருந்து எடுக்கப்படுகிற ஊரில், தன் வீட்டுச் செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் வயிறு எரியாதா? கேஸ் விலை ஏறினால் குடும்பம் எப்படித் தள்ளாடும் என்று நமக்குத் தெரியாததா!

உலை அணைந்த பிறகு

பி.என்.350 உலையை 1999-ல் நிறுத்திவிட்டார்கள். அதில் இருந்த எரிபொருள் நூற்றுக்கணக்கான அணுகுண்டுகளுக்குப் போதுமாம். 2009, 2010-ம் வருஷங்களில் அதைப் பத்திரமான பெட்டிகளில் அடைத்து, ரயிலில் ஏற்றி, சுமார் 3,000 கிலோமீட்டர் தாண்டி நாட்டின் கிழக்குப் பகுதியில் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள். இப்போது தண்ணீர் காய்ச்சுவது இயற்கை எரிவாயுவால். சவ்வு வழியாக நீரை அழுத்தி உப்பைப் பிரிக்கிற முறையும் வந்துவிட்டது. வோல்கா ஆற்று நீர் வேறு, 1,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட குழாயில் இந்த மாகாணத்துக்கு வருகிறது.

யுரேனிய ஆலை விட்டுப்போன சொத்தும் ஒன்று உண்டு. ஊருக்கு வடக்கே கோஷ்கார் அத்தா என்ற பள்ளத்தில் பல வருஷங்கள் ஆலைக் கழிவைக் கொட்டினார்கள். மேலே தண்ணீர் நிற்கும்வரை சரி. ஆலை நின்று, தண்ணீர் வற்றி, அடி மண் காய்ந்ததும் காற்றில் தூசி கிளம்ப ஆரம்பித்தது. கதிர்வீச்சும் நச்சு உலோகமும் கலந்த தூசி. மேலே மண் போட்டு மூடுகிற வேலை நடந்திருக்கிறது. காற்று பலமாக அடித்தால் என் தங்கை ஜன்னலைச் சாத்தி, ஈரத் துணியால் ஜன்னல் ஓரங்களைத் துடைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிறாள். குழந்தையின் கை, முகத்தைக் கழுவாமல் சாப்பாட்டில் உட்கார வைப்பதில்லை. ஊர்த் தாய்மார்கள் எல்லோருமே அப்படித்தானாம்.

கடல் பின்வாங்குகிறது

இவ்வளவுக்கும் மேலே, இன்று அந்த ஊரின் பெரிய கவலை வேறு. கடல் குறைகிறது!

காஸ்பியனுக்கு வருகிற ஆற்று நீரில் சுமார் 80 சதவீதம் வோல்கா கொடுப்பது. அது குறைந்தாலும், வெயில் கூடி ஆவியாவது அதிகமானாலும், கடல் மட்டம் இறங்கிவிடும். வெளிச் சமுத்திரத்தோடு தொடர்பில்லாத தொட்டித் தண்ணீர்தானே! 1977 வரை இறங்கியது. பிறகு 1995 வரை இரண்டரை மீட்டர்போல் ஏறியது. அதன் பின் மறுபடியும் இறங்குமுகம். இரண்டு மீட்டருக்கு மேல் இறங்கி, 1977-ன் அளவையும் தாண்டிக் கீழே போய்விட்டது.

பாட்டி எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். "இந்தப் பாறையிலேருந்துதான் என் பிள்ளைங்க தண்ணிக்குள்ளே குதிப்பாங்க." அந்தப் பாறையைச் சுற்றி இப்போது வெறும் மணலும் காய்ந்த சிப்பியும். கடல் எங்கேயோ தள்ளி நிற்கிறது.

துறைமுகத்துக்கு இது நேரடி நஷ்டம். ஆழம் போதாமல் கப்பல்கள் முழுச் சுமை ஏற்ற முடிவதில்லை. அடியைத் தோண்டி ஆழப்படுத்த வேண்டியிருக்கிறது. வீடுகளுக்கோ அதைவிடப் பெரிய பயம். குடிநீர் ஆலையும் மின் நிலையமும் கடலிலிருந்து கால்வாய் மூலமாகத்தான் நீர் எடுக்கின்றன. கடல் இறங்கினால் கால்வாயில் நீர் எப்படி வரும்? இதனால்தான் 2023 ஜூன் மாதம் அக்தாவில் நெருக்கடி நிலையே அறிவித்தார்கள். அடுத்த மாதம் 3-ம் தேதி வேறொரு கோளாறால் மின் நிலையம் நின்றுபோய், மாகாணமே இருண்டது. மின்சாரம் போனதும் தண்ணீரும் போயிற்று. அன்றைக்குப் பாட்டி குளியல் தொட்டி, பால் கேன், சூப் பானை ஒன்றையும் விடாமல் நிரப்பி வைத்தாராம். "தண்ணி வந்தா இது ஊரு. நின்னா பழையபடி பாலைவனம்" என்றார். ஒட்டகக் கிணற்றைப் பார்த்தவர் சொல்லும்போது கேட்க என்னவோபோல் இருந்தது.

ஒரே கடல்தான் இந்த ஊருக்குத் துறைமுகமாக இருந்து சம்பளம் கொடுக்கிறது. அதே கடல்தான் குழாய் வழியே வந்து குழந்தைக்குப் பால் கரைக்கிறது. சம்பளத்தை வேறு ஊரில் தேடிக்கொள்ளலாம். தாகத்துக்கு எங்கே போவது?

அம்மாவிடம் வந்து சொன்னேன்: "பையன் நல்லா இருக்கான்மா. பள்ளிக்கூடம் பக்கத்திலேயே. அக்கம்பக்கம் தங்கமான மனுஷங்க. ஆனா தண்ணியை மட்டும் அவ தங்கமாத்தான் செலவழிக்கிறா." அம்மா நிம்மதிப் பெருமூச்சு விட்டார். ஆனால் என் மனசில்தான் ஒரு கேள்வி நின்றுவிட்டது. 2019-ல் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, மறந்துவிட்டோமா? மீஞ்சூர், நெம்மேலி என்று நாமும் கடலைக் குடிக்க ஆரம்பித்துவிட்டோம். அக்தாவுக்கு வேறு வழியில்லை. நமக்கு வானம் அதைப்போலப் பத்து மடங்கு கொடுக்கிறது. அதைச் சாக்கடையில் விட்டுவிட்டுக் கடலைக் காய்ச்சுவானேன்? மொட்டை மாடித் தண்ணீரைக் கிணற்றுக்குத் திருப்பிவிட ஒரு குழாய் போதுமே!

அக்தாவில் தெருவோர மரம் ஒவ்வொன்றும் மனிதர்கள் ஊற்றுகிற நீரில் நிற்பது. தானாக முளைத்து வளர்ந்த மரம் அபூர்வம். பாட்டி வீட்டு வாசலில் ஒரு மரம் நிற்கிறது. காய்கறி அலசிய நீர், பாத்திரம் கழுவிய முதல் நீர், எல்லாவற்றையும் வாளியில் சேர்த்து, மூட்டு வலியோடு மூன்று மாடி இறங்கிப்போய் சாயங்காலம் அதன் காலடியில் ஊற்றுகிறார். "யாராவது குழந்தைங்களை ஊத்தச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். "சொல்லிக் குடுத்துக்கிட்டுதானே இருக்கேன்" என்று பக்கத்தில் காட்டினார். சின்னத் தம்ளரில் தண்ணீரைச் சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் தங்கை மகன் படியிறங்கி வந்துகொண்டிருந்தான்.